ராஜாவுக்கு ஆபத்து என்பதுதான் ‘செக்’!

பஸ்ஸில் டிக்கெட் செக்கிங், மாநில எல்லையில் செக்போஸ்ட், ஆஸ்பத்திரியில் மாஸ்டர் செக்கப், ஏர்போர்ட்டில் செக்-இன், லாட்ஜில் செக்-அவுட், பேங்க்கில் செக் புக், ஜவுளிக்கடையில் செக் டிசைன், செஸ் பலகையில் செக். கேஸை மூடியாச்சா என்று இரண்டு தடவை செக் பண்ணிவிட்டு வீட்டைப் பூட்டுபவர்கள் தொடங்கி, ‘எதிரணிக்கு செக் வைத்த தலைவர்’ என்று தலைப்புப் போடும் நாளிதழ்கள் வரைக்கும் இந்த ஒற்றைச் சொல் இல்லாமல் ஒரு நாள் நகராது. எண்ணெய் ஆட்டும் செக்கு மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அது வேறு குடும்பம்.

மற்ற எல்லா செக்கும் உடன்பிறப்புகள்தான். சட்டையில் உள்ள கட்டத்துக்கும் பேங்க்கில் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கும் என்ன உறவு என்று கேட்டால், பதில் ஒரு விளையாட்டுப் பலகையில் இருக்கிறது.

சதுரங்கம் இந்தியாவில் பிறந்த ஆட்டம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு படை உறுப்புகள் சேர்ந்ததால் அந்தப் பெயர். ஏறக்குறைய 6-ம் நூற்றாண்டு வாக்கில் அது பாரசீகத்துக்குப் போனது. அங்கே பெயர் ‘சத்ரங்’ என்று சுருங்கியது. பிறகு அரபிகளிடம் போனபோது, அவர்கள் மொழியில் ‘ச்ச’ ஒலியும் ‘க’ ஒலியும் நம் உச்சரிப்பில் இல்லாததால் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. அரபிகள் ஆண்ட ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் அதே பெயர்தான் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் அந்த இரண்டு மொழிகளிலும் செஸ்ஸின் பெயரைக் காது கொடுத்துக் கேட்டால் ‘ஷத்ரஞ்ச்’சின் எதிரொலி கேட்கும்.

மற்ற ஐரோப்பியர்கள் செய்ததுதான் வேடிக்கை. அவர்கள் ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, ஆட்டத்தின் நடுவே போடும் சத்தத்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள். பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசன். எதிராளியின் ராஜாவைக் குறிவைத்துக் காயை நகர்த்தும்போது, ‘ஷா!’ என்று குரல் கொடுப்பது வழக்கம். ‘உன் ராஜாவைப் பார்த்துக்கொள்’ என்ற எச்சரிக்கை அது. சொல்லாமல் கொள்ளாமல் ராஜாவைத் தட்டிக்கொண்டு போவது மரியாதை இல்லை.

இந்த ‘ஷா’ லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ என்று ஒரு வாலை ஒட்டிக்கொண்டது. பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ ஆனது. ஆங்கிலம் அதைத் தலையை வெட்டி ‘செக்’ என்று எடுத்துக்கொண்டது. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான் ‘செஸ்’. ஆக, செஸ் என்பதும் செக் என்பதும் ஒரே சொல்லின் பன்மையும் ஒருமையும். ‘செஸ்ஸில் செக் வைத்தான்’ என்று சொன்னால், வேரை வைத்துப் பார்க்கும்போது ‘ராஜாக்களில் ராஜா வைத்தான்’ என்றுதான் பொருள் வரும்!

இன்னும் ஒரு படி பின்னால் போனால் சொந்தம் இங்கேயே வந்து நிற்கிறது. பாரசீகத்து ‘ஷா’வுக்கும், சத்திரியர் என்ற சொல்லுக்கு அடியில் இருக்கும் வடமொழி வேருக்கும் மூலம் ஒன்றே. இரண்டுக்கும் அடிப்படை ‘ஆளுதல்’.

‘செக்மேட்’ என்பதைப் பலரும் ‘ராஜா செத்தான்’ என்று விளக்குவார்கள். அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்பது உண்மைதான். ஆனால் ‘ஷா மாத்’ என்ற தொடரைப் பாரசீகச் சொல்லாகவே எடுத்துக்கொண்டால் பொருள் ‘ராஜா திகைத்து நிற்கிறான், போக வழியில்லை’ என்பதுதான். இந்த இரண்டாவது விளக்கமே ஆட்டத்துக்குப் பொருந்துகிறது. செஸ்ஸில் எந்தக் காயையும் வெட்டலாம், ராஜாவை மட்டும் வெட்டவே முடியாது. அவர் கடைசி வரை பலகையில்தான் இருப்பார், நகர இடமில்லாமல். ரஷ்ய மொழியில் ஆட்டத்தின் பெயரே ‘ஷாக்மதி’. முழு ‘ஷா மாத்’தையும் பெயராக வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஒரு சின்ன தகவல். வீட்டில் விளையாடும்போது ‘செக்’ சொல்லாவிட்டால் சண்டையே வரும். ஆனால் உலக செஸ் கூட்டமைப்பின் விதிப்படி போட்டிகளில் ‘செக்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாட் மாதிரியான இடத்தில் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் பக்கத்து மேசைக்காரர்களின் கதி என்ன?

ராஜாவுக்கு செக் வைத்தால் என்ன நடக்கும்? அவர் செய்ய நினைத்த வேலை எதுவானாலும் அப்படியே நிற்கும். முதலில் ஆபத்திலிருந்து விலக வேண்டும். இங்கிருந்துதான் ‘தடு, நிறுத்து, அடக்கு’ என்ற பொருள்கள் கிளைவிட்டன. நாளிதழ்களின் ‘செக் வைத்தார்’ இந்த வகை. ஓடையின் குறுக்கே கட்டும் ‘செக் டேம்’ சோதனை செய்யும் அணை அல்ல, ஓடும் நீரைத் தடுக்கும் அணை. தடுப்பணை என்று தமிழில் பெயர் வைத்தவருக்குச் சொல்லின் உள்நாடி தெரிந்திருக்கிறது. மோட்டார் பம்ப்பில் மாட்டும் ‘செக் வால்வ்’, ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது. அரசியல் சட்டப் பாடத்தில் வரும் ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்பதும் அதிகாரத்தின் ஒரு கை இன்னொரு கையைத் தடுத்து வைப்பதுதான்.

இந்தப் பழைய பொருள் தெரியாவிட்டால் ஆங்கிலக் கதைகளில் சறுக்க வேண்டியிருக்கும். ‘ஹீ செக்ட் ஹிம்செல்ஃப்’ என்று வந்தால், ‘அவன் தன்னைச் சோதித்துக்கொண்டான்’ என்று அர்த்தமில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவன் சட்டென்று அடக்கிக்கொண்டான் என்று அர்த்தம். காட்டுத்தீ ‘அன்செக்ட்’ ஆகப் பரவியது என்றால், யாரும் பரிசோதிக்காமல் அல்ல, யாராலும் தடுக்கப்படாமல்.

தடுப்பதிலிருந்து ‘சரிபார்ப்பு’ வந்தது எப்படி? தப்பு நடக்காமல் தடுக்க வேண்டுமென்றால் ஒன்றோடொன்றை ஒத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒத்துப் பார்ப்பதும் ‘செக்’ ஆனது. இன்று அதிகமாகப் புழங்குவது இந்தப் பொருள்தான். ஆனால் குடும்பத்தில் இதுதான் பிந்திப் பிறந்த பிள்ளை.

இப்போது காசு விஷயம்.

12-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அரசரின் வரியை வசூலிக்க ‘ஷெரிஃப்’ என்ற அதிகாரி இருந்தார். அவர் ஆண்டுக்கு இரண்டு முறை, ஈஸ்டரை ஒட்டி ஒருமுறையும் செப்டம்பர் கடைசியில் ஒருமுறையும், அரசரின் கணக்கு மன்றத்தில் வந்து நிற்க வேண்டும். அங்கே ஒரு பெரிய மேசை. நீளம் 10 அடி, அகலம் 5 அடி. காசுகள் கீழே உருண்டுவிடாமல் சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்குத் தடுப்பு. மேலே கட்டம் போட்ட கறுப்புத் துணி. அரசரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவரே அந்த மன்றம் நடந்த விதத்தைக் கேள்வி-பதிலாக எழுதி வைத்திருப்பதால் இந்த அளவுகள் எல்லாம் இன்றைக்கும் தெரிகின்றன.

எதற்குக் கட்டம்? அப்போது அங்கே ரோமன் எண்கள்தான். அந்த எண்களை வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். பூஜ்ஜியமும் இடமதிப்பும் இல்லாத ஊரில், துணியின் கட்டங்கள் அந்த வேலையைச் செய்தன. ஒரு பத்தி பென்ஸுக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு, அப்புறம் இருபது, நூறு, ஆயிரம் என்று. ஷெரிஃப் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று ஒரு வரிசையில் வில்லைகளை அடுக்குவார்கள். கொடுத்தது எவ்வளவு என்று அடுத்த வரிசையில். மேலே உள்ளதிலிருந்து கீழே உள்ளதை நீக்கிக்கொண்டே வந்தால், மீதி நிற்பதுதான் பாக்கி. எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃப்பும் தன் கண்ணாலேயே கணக்கைப் பார்க்கலாம்.

பார்ப்பவர்களுக்கு அது சதுரங்கப் பலகை மாதிரியே இருந்தது. பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகைக்குப் பெயர் ‘எஸ்செக்கியே’. அதுவே அந்த மன்றத்துக்கும் பெயராகி, ஆங்கிலத்தில் ‘எக்ஸ்செக்கர்’ ஆனது. சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுவது போல இந்த மேசையில் பொருளாளரும் ஷெரிஃப்பும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே ஒப்பிட்டிருக்கிறார். பிரிட்டனின் நிதி அமைச்சருக்கு இன்னமும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்றுதான் பதவிப் பெயர். பிரதமராவதற்கு முன் ரிஷி சுனக் வகித்த பதவி அது. நேர்ப்பொருள் பார்த்தால், ‘சதுரங்கப் பலகையின் அதிகாரி’!

அந்த மன்றத்தில் ரசீது என்பது ஒரு குச்சி. தொகைக்கு ஏற்ற மாதிரி வெட்டுக் குறிகள் போட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்குப் பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். பிளவின் ரேகை இயற்கை போட்ட கையெழுத்து, யாராலும் போலி செய்ய முடியாது. 1826-ல்தான் இந்த முறையை ஒழித்தார்கள். மலைமலையாகக் குவிந்து கிடந்த பழைய குச்சிகளை என்ன செய்வது? 1834 அக்டோபர் 16-ம் தேதி, நாடாளுமன்றத்தின் மேலவைக்கு அடியில் இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். தீ புகைபோக்கி வழியாக ஏறி, அன்றிரவே இரண்டு அவைகளும் எரிந்து போயின. இன்று லண்டன் போகிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் நாடாளுமன்றக் கட்டடமும் மணிக்கூண்டும் அதற்குப் பிறகு கட்டியவை.

பேங்க் செக்குக்கும் இதே புத்திதான். 18-ம் நூற்றாண்டில், பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அதே விவரம் எழுதிய அடிக்கட்டையைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்கள். மோசடியைத் தடுக்கவும் சரிபார்க்கவும் உதவிய அடிக்கட்டைக்குத்தான் முதலில் ‘செக்’ என்று பெயர். கொஞ்ச காலத்தில் பெயர் கட்டையை விட்டுக் கிழித்த தாளுக்குத் தாவிவிட்டது. பிரிட்டிஷ்காரர்கள் ‘எக்ஸ்செக்கர்’ பாசத்தில், கடைசியில் க்யூ, யு, இ போட்டு எழுதத் தொடங்கினார்கள். அமெரிக்கர்கள் அந்த அலங்காரத்தை ஏற்காமல் சி, கே-யிலேயே முடித்துக்கொண்டார்கள். தமிழில் ‘காசோலை’. நல்ல சொல்தான், ஆனால் பேங்க் படிவங்களைத் தாண்டி அது வெளியே வருவதில்லை.

ஆங்கிலத்தில் ‘பிளாங்க் செக் கொடுத்துவிட்டார்’ என்றால், இஷ்டம்போல் செய்துகொள் என்று முழு அதிகாரமும் கொடுத்துவிட்டார் என்று பொருள். அது வெறும் பேச்சு வழக்கு இல்லை என்பதைக் கடனுக்குப் பிணையாகக் கையெழுத்து மட்டும் போட்ட வெற்று செக்கை நீட்டியவர்கள் அறிவார்கள். செலாவணி முறிச் சட்டம் 1881-ல் வந்தது. அதில் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138-வது பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் வராமல் திரும்பியது என்று பேங்க் சொன்ன 30 நாளுக்குள், செக்கைப் பெற்றவர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. ‘நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன், தொகையை அவர் எழுதிக்கொண்டார்’ என்று சொன்னால் மட்டும் தப்பிக்க முடியாது. மனமுவந்து கொடுத்த வெற்று செக்கும் கடனுக்காகக் கொடுத்ததாகவே முதலில் கொள்ளப்படும், இல்லை என்று காட்டும் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் ஒரு வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கூட்டுறவு சங்கமோ, தெரிந்த பைனான்ஸ்காரரோ, சொந்த மச்சானோ, யாரிடம் நீட்டுவதானாலும் தேதியும் தொகையும் பெயரும் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுவது உத்தமம்.

2021 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி இன்னொரு ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் போகும் செக்குகளின் விவரத்தைக் கொடுத்தவரே பேங்க்குக்கு முன்கூட்டித் தெரிவிக்கலாம். செக் வரும்போது இரண்டும் ஒத்துப் பார்க்கப்படும். பிளந்த குச்சியும் அடிக்கட்டையும் செய்த அதே வேலை, இப்போது மொபைல் ஆப்பில்.

சதுரங்கப் பலகையிலிருந்து பிரிந்த இன்னொரு கிளை துணிக்கடைக்குப் போனது. கட்டம் போட்ட எதுவும் ‘செக்’. கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறி வருவதால், நல்லதும் கெட்டதும் கலந்த வாழ்க்கையை ‘செக்கர்ட்’ என்பார்கள். ஒருவருக்கு ‘செக்கர்ட் பாஸ்ட்’ என்றால் அவர் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார் என்பதல்ல, கடந்த காலத்தில் சில கறுப்புக் கட்டங்களும் உண்டு என்று நாசூக்காகச் சொல்வது.

கட்டம் என்றதும் மெட்ராஸ் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. ஆங்கில அகராதிகளில் ‘மெட்ராஸ்’ என்று தேடினால் ஊரோடு சேர்த்துத் துணியும் வரும். பல வண்ணக் கட்டம் போட்ட மெல்லிய பருத்தித் துணி, மெட்ராஸ் துறைமுகம் வழியே மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் அதற்கு ஒரு மவுசு. அங்கே சட்டையைத் துவைத்தவர்களின் மற்ற துணியிலெல்லாம் சாயம் ஏறி, கடைக்காரர்களிடம் புகார் குவிந்ததாகவும், விளம்பரக்காரர்கள் புத்திசாலித்தனமாக ‘சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்’ என்று அதையே பெருமையாக்கி விற்றதாகவும் ஜவுளி வியாபாரத்தில் ஒரு கதை உண்டு. துவைக்கத் துவைக்க வண்ணங்கள் ஒன்றில் ஒன்று கலந்து மாறுவது நாகரிகமாகிவிட்டது! ஊர் 1996-ல் சென்னை ஆனது. துணி இன்னும் மெட்ராஸ்தான்.

சில்லறையாக இன்னும் சில. அமெரிக்க ஓட்டலில் ‘செக், ப்ளீஸ்’ என்றால் பில் கொண்டுவா என்று அர்த்தம். செக் புக்கை எடுக்க வேண்டாம். சரி என்று போடும் ‘டிக்’ குறிக்கு அவர்கள் மொழியில் ‘செக் மார்க்’. ஆன்லைன் மீட்டிங் முடிந்ததும் அங்கிருக்கும் சக ஊழியர் ‘ரெயின் செக்’ எடுத்துக்கொள்கிறேன் என்றால், இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று மரியாதையாகச் சொல்கிறார். 19-ம் நூற்றாண்டில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், வேறொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டு அது. ‘செக் இட் அவுட்’ என்றால் போய்ப் பார். ஆளைக் குறித்து ‘செக்கிங் அவுட்’ என்றால் மட்டும் கொஞ்சம் கவனம், அது ஏற இறங்கப் பார்க்கும் பார்வை.

கடைசியாக ‘செக்லிஸ்ட்’. மளிகைச் சாமான் லிஸ்ட் மாதிரி சாதாரணமாகத் தெரியும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு உயிர்கள் இருக்கின்றன.

1935 அக்டோபர் 30. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம் டேட்டன் அருகே ரைட் ஃபீல்டு விமான தளம். ராணுவம் வாங்குவதற்காகச் சோதித்துக்கொண்டிருந்த போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு இன்ஜின் விமானம், மாடல் 299, மேலே எழும்பியது. சில நொடிகளில் மூக்கு மேல்நோக்கித் திரும்பி, நிலைகுலைந்து விழுந்து எரிந்தது. ஓட்டியவர் மேஜர் ப்ளோயர் ஹில், அனுபவசாலி. அவரும் போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் இறந்தார்கள். இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் வால் பகுதி ஆடாமல் இருக்க ஒரு பூட்டு போடுவார்கள். புறப்படும் முன் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்துவிட்டார்கள்.

ஒரு மனிதனின் ஞாபகத்துக்கு மிஞ்சிய விமானம் என்று அதை ஓரங்கட்டியிருக்கலாம். ராணுவ விமானிகள் வேறொன்று செய்தார்கள். இன்னும் கூடுதல் பயிற்சி என்று கேட்காமல், புறப்படும் முன், பறக்கும்போது, இறங்கும் முன் செய்ய வேண்டியவற்றைச் சின்ன அட்டையில் எழுதி, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த மாடல்தான் பி-17 என்ற பெயரில் 12,000-க்கும் மேல் தயாராகி, இரண்டாம் உலகப் போர் முழுக்கப் பறந்தது.

விமானத்திலிருந்து அது ஆபரேஷன் தியேட்டருக்கு வர எழுபது வருடத்துக்கு மேல் ஆனது. டாக்டர்களுக்கு லிஸ்ட்டா என்று சில டாக்டர்கள் முகம் சுளித்ததும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல், அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே தலைமையிலான குழுவைக் கொண்டு 19 அம்சங்கள் கொண்ட ஒரு செக்லிஸ்ட்டை வெளியிட்டது. டெல்லி உட்பட உலகின் எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2009-ல் முடிவு வெளியானது. அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தவர்கள் 100-க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தார்கள். பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகியிருந்தன. புது மருந்து, புது மெஷின் எதுவும் இல்லை. ஒரு தாள்.

அந்தத் தாளின் முதல் கேள்விகள் மிக எளியவை. நோயாளி யார், என்ன ஆபரேஷன், உடம்பில் எந்த இடம், வலமா இடமா, சம்மதக் கையெழுத்து வாங்கியாச்சா? மயக்க மருந்து கொடுக்கும் முன் இவற்றை நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அட்மிஷனில் கேட்டார்கள், வார்டில் கேட்டார்கள், இங்கேயும் “உங்க பேர் என்னம்மா? எந்தக் கால்?” என்று நர்ஸ் திரும்பவும் கேட்கிறாரே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். கேஸ் ஷீட் கையில் இருந்தும் கேட்கிறார் என்றால், அவர் செக் பண்ணுகிறார். பேரையும் காலையும் தெளிவாக, சத்தமாகச் சொல்லலாம்.